நாற்பத்து மூன்று

பிரிஸ்டலில் மழை.
சோதனைக்கூடத்தில் ஐந்து மில்லிமீட்டர் டேப்லெட்,
விசிறி கிடையாது.
முதல் நான்கு நிமிடம் பறக்கிறது.
பிறகு வரைபடத்தில் கோடு
படி தவறியவன் போலச் சறுக்கி
பாதி வேகத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

சில்லு தாங்கும். தொண்ணூறு வரை தாங்கும்.
தாங்காதது, பிடித்திருக்கும் கை.

ஆகவே கைகளைக் கூப்பிட்டார்கள்.
கேரத் நாற்பத்து மூன்றில் கீழே வைத்தான்.
இமொஜன் நாற்பத்திரண்டில்,
டேப்லெட்டிடமே ‘ஸாரி’ சொல்லிக்கொண்டு.
நான் நாற்பத்தெட்டிலும் பிடித்திருந்தேன்,
இன்னும் ஏறட்டுமே என்று.

மாணவர் விசாவில் இருந்தபோது
ஈஸ்ட்டன் பேக்கரியில்
விடிகாலை மூன்று மணித் தட்டுகள்.
கையுறையில் ஓட்டை இருந்தது.
அன்று யாரிடமும் சொல்லவில்லை.
இன்றும்தான்.

கேரத் என் எண்ணைப் பார்த்தான்,
என் உள்ளங்கையைப் பார்த்தான்.
எக்செல்லில் அந்த ஒரு வரியை மட்டும்
சாம்பல் நிறமாக்கினான்.
சராசரியில் சேராதாம்.

மற்ற கைகள் சேர்ந்து
எல்லை முடிவாயிற்று.
இனி அந்த எண்ணில்
எல்லோருக்கும் வேகம் குறையும்,
எனக்கும்.

ஆறு மணிப் பேருந்தில் உட்கார இடமில்லை.
கம்பியைப் பிடித்தேன்.
சில்லென்று இருந்தது.
அது தெரிந்தது.