மதகுக்காரி

எங்கள் ஊரில் ஒருவர் தும்மினால்
பக்கத்தில் இருப்பவர் சொல்வார்:
நினைத்தது நடக்கட்டும்.
மகள் பிறந்து நான்கு மாதம்.
ஒவ்வொரு தும்மலுக்கும் நான் நினைத்தது ஒன்றுதான்,
நனையக் கூடாது.
நடக்கவில்லை.

எனக்குக் கால்வாயில் வேலை.
ஜொஸ்லானுக்குக் கீழே இரண்டாவது மதகு.
இரும்புச் சக்கரத்தைச் சுற்றி
நீரை ஏற்றுவேன், இறக்குவேன்.
ஹாலந்துப் படகுக்காரர்கள் கையசைத்துப் போவார்கள்.
ஜூலை முழுக்கக் கறுப்புக் கால்சட்டை.
இந்த வெயிலில் ஏன் என்றான் மாலோ.
பிடித்திருக்கிறது என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மருந்துக்கடைக்கு மேல் மாடி.
மருத்துவச்சி சொலென் கெர்த்ராவோன்.
பத்து முறை வரச்சொல்லி எழுதிய சீட்டு
என் பையில் மடிந்து, பால்கறை பட்டுக் கிடந்தது.
அவள் உடனே படுக்கச் சொல்லவில்லை.
கேட்டாள்.
பகலில் எத்தனை முறை, இரவில் எத்தனை?
படி ஏறும்போதா, பிள்ளையைத் தூக்கும்போதா?
காற்று பிரிவதை அடக்க முடிகிறதா?
மாலையானால் கீழே ஏதோ இறங்கி வருவதுபோல்
கனம் தெரிகிறதா?
கணவரோடு சேரும்போது வலிக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு ஜன்னலைப் பார்த்தேன்.
எதிரே ரொட்டிக்கடை.
ஒருவன் நாயைக் கட்டிவிட்டு உள்ளே போனான்.
வெளியே வந்தான், நாயை அவிழ்த்தான்.
அதுவரை காத்திருந்தாள்.
இதுவரை யாரும் கேட்டதில்லை என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

மூன்று நாள் கணக்கு வேண்டுமாம்:
குடித்தது, கழித்தது, கசிந்தது.
பதிவேட்டில் படகு எண்ணும் கை,
நேரம் பிசகாமல் எழுதியது.
6.10. காபி, ஒரு கிண்ணம்.
7.25. இருமல். ஒரு மேசைக்கரண்டி.
9.40. சிரிப்பு.
எதற்குச் சிரித்தேன் என்பதற்குத்
தாளில் கட்டம் இல்லை.

அடுத்த முறை கையுறை.
"ஒரு விரல். வேண்டாமென்றால் வேண்டாம்,
பாதியில் சொன்னாலும் சரி."
ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை என் மகள்.
தையல் காய்ந்த இடம், ஒரு பட்டாணி அளவு,
தொட்டதும் கண் நிறைந்தது.
நிறுத்தினாள். தொடரவா என்றாள்.
தலையசைத்தேன்.

இறுக்குங்கள்.
இறுக்கினேன்.
விடுங்கள்.
விட்டேன்.
இல்லை, விடுங்கள்.
விட்டுவிட்டேனே.
"இல்லை எனோரா. நீங்கள் வரும்போதே
பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள்."

தளர்ந்துபோனவள் என்றல்லவா
என்னை நினைத்திருந்தேன்.
சிவப்பு விளக்கில், பால் கொடுக்கையில்,
தட்டுக் கழுவுகையில் இறுக்கி இறுக்கி,
கைபேசியில் பார்த்த பயிற்சி, நாளுக்கு முந்நூறு.
நாள் முழுக்க மூடிய முஷ்டியால்
எதைப் பிடிக்க முடியும்?
தும்மல் வந்த கணத்தில்
இறுக்க மிச்சம் ஒன்றுமில்லை.

"உங்கள் மதகில் கதவு திறக்காவிட்டால்
என்னாகும்?"
படகு நிற்கும் என்றேன்.
"அவ்வளவுதானா?"
தண்ணீர் தலைக்கு மேலே வழியும் என்றேன்.
சொன்னதும் எனக்கே சிரிப்பு.
கொஞ்சம் கசிந்தது.
பேசாமல் துண்டை நீட்டினாள்.

பிறகு ஐந்து வாரம், முழங்கால் மடக்கி,
மூச்சை அடிவயிறு தாண்டி அனுப்பப் பழகினேன்.
தழும்பில் எண்ணெய் தொட்டு
நானே என் கட்டைவிரலால்.
முதல் நாள் அருவருப்பாக இருந்தது.
நான்காம் நாள் அது வெறும் தோல்,
என்னுடையது.
விடத் தெரிந்த பிறகே
இறுக்கக் கற்றுத்தந்தாள்:
தும்மலுக்கு ஒரு நொடி முன்னால்,
படகு வருமுன் கதவைப் பார்ப்பதுபோல.

பத்தாவது நாளில் ஐந்துக்கு மூன்று.
ஓடுவதற்கு இன்னும் நாளாகும் என்றாள்.
மாலோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்,
இருட்டில், அவன் முகம் தெரியாத பக்கம் திரும்பி.
கறுப்புக் கால்சட்டையா என்றான்.
ஆமாம் என்றேன்.
வெகுநேரம் தூங்கவில்லை இருவரும்.

செப்டம்பர், மேகமூட்டம்.
பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால்:
4.15. தும்மல். ஒன்றுமில்லை.
4.17. இன்னொன்று.
கொஞ்சம்.
4.30. படகு, ஒன்று, கீழ்நோக்கி.
கதவு திறந்தேன்.