பதினேழாம் அத்தியாயம்

மழையை எடுத்துவிட்டேன் என்றாள் குளோரிந்தா,
அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டே.
நாவலிலிருந்து.

நானூறு பக்கத்திலும்
துக்கம் வந்தபோதெல்லாம் மழையையும் வரவழைத்திருந்தாள்.
வால்டிவியாவில் அது எடுபடாது.
இங்கே மழை எதற்கும் உருவகம் இல்லை.
மழை என்றால் செவ்வாய்க்கிழமை.
புதனும் அதுதான்.
ஆற்றங்கரைச் சந்தையில் என் மீன்பலகைக்குப் பின்னால்
குடலுக்குக் காத்துக் கிடக்கும் கடற்சிங்கம்கூட
நனைந்தபடி எதையும் நினைத்துக்கொள்வதில்லை.

உவமைகளையும் களைந்தாள்.
'போல' வருமிடமெல்லாம் சிவப்புப் பென்சில்.
நங்கூரம் போன்ற கை என்று ஒன்று இருந்தது.
என் கை.
அதையாவது விட்டுவை என்றேன்.
"கை கையாகவே இருக்கட்டும், அப்தோன்.
வாசிக்கிறவர்களுக்கு மீன்வாடை அடித்தால் போதும்."
அடித்தது.

நேற்று அவள் ஆஸ்பத்திரிக்கு இரவுவேலைக்குப் போனபின்
பதினேழாம் அத்தியாயம் படித்தேன்.

இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு சட்டை வந்திருந்தது.
ஐந்தில் அடுப்போரம், நாற்காலி முதுகில்.
ஒன்பதில் ஜன்னல் கம்பியில்.
எங்கே போட்டாலும் காயாத சட்டை.
நாளைக்குக் காய்ந்துவிடும் என்பான் அதற்குரியவன்.
பதினேழில் வெயில் அடிக்கிறது.
நாலு மணிக்குச் சட்டை மொடமொடவென்று காய்ந்திருக்கிறது.
அவன் வரவில்லை.
ஒருத்தி அதன் கைகளை மடிக்கிறாள், முதலில் இடது.
அழுகை என்ற சொல் இல்லை,
சாவு என்ற சொல்லும்.
நீலச் சட்டை. காலரில் வேறு நிற நூலில் தையல்.
என் சட்டை.

காலையில் வந்தவளைக் கேட்டேன்:
அவன் என்ன ஆனான்?
"நான் சொல்லவே இல்லையே."
சொல்லாததால்தானே கேட்கிறேன்.
"சட்டைதான் காய்ந்துவிட்டதே" என்று
காலணியைக் கழற்றி வைத்தாள்.
துவைத்ததைக் கொடியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.

பின்னால் வரப்போவதை
முன்னால் ஒரு சின்னப் பொருளில் ஒளித்து வைப்பதற்கு
அவர்களிடம் ஏதோ பெயர் இருக்கிறதாம்.
எனக்குத் தெரிந்த பெயர் தூண்டில்.
இரண்டில் விழுங்கியிருக்கிறேன்.
சுண்டி இழுத்தது பதினேழில்.

பதினொரு மணிக்கு,
ஜூலை மாதத்தில்,
வெயில் வந்தது.
தெருவே கொடி கட்டியது.
எதிர்வீட்டு ஒத்திலியா போர்வைகளோடு ஓடிவந்து
"என்ன மாதிரி நாள், பார்!" என்றாள்.

பார்த்தேன்.
கொடியில் நீலச் சட்டை,
நுனிகளில் சொட்டு நின்றிருந்தது.

சகுனம் பார்க்கிறவன் இல்லை நான்.
விறுவிறுவென்று போய்
எடுத்து மாட்டிக்கொண்டேன்,
ஈரத்தோடு.