கூரைக் காசு

கூரைக்கு வைத்திருந்த காசில்
படகு வாங்கி வந்தேன்.
பதினாறடி, ஃபைபர் உடம்பு,
இருபது குதிரை இழுக்கும் மோட்டார்.
இழுக்கும் என்று விற்றவர் சொன்னார்.
எஸ்கெலினன் பொய் சொல்லமாட்டார்;
கேட்காததைச் சொல்லவும் மாட்டார்.

மார்யுத் சன்னல் வழியே
ட்ரெய்லரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள்.
அப்புறம் ஒன்பது நாள்
உப்பை எடு, கதவைச் சாத்து,
அவ்வளவுதான் எங்கள் வீட்டில் பேச்சு.
படுக்கையறை மூலையில் சிவப்பு வாளி மட்டும்
சொட்டுச் சொட்டாக
அவள் கட்சி பேசிக்கொண்டிருந்தது.

மே மாதம். பியெலினென் ஏரியின் கடைசிப் பனிப்பாளம்
கீழ்க்கரையில் ஒதுங்கி
கண்ணாடி நொறுங்கும் ஓசையில் கரைகிறது.
மோட்டாரின் மூடியைத் திறந்தேன்.
எலிக் குடும்பம் ஒன்று
குளிர்காலத்தைக் கழித்துவிட்டுக்
காலி செய்து போயிருந்தது:
பாசி, பிர்ச் பட்டை,
எஸ்கெலினனின் கம்பளிக் காலுறையில் பாதி.
கார்புரேட்டரில் பழைய பெட்ரோல்
தேனாய்த் திரண்டிருந்தது, நாற்றம்தான் வேறு.
கியர் எண்ணெயை வடித்தால்
பால் விட்ட காப்பி.
பிளக் இரண்டும் அடுப்புக்கரி.
துடைத்தேன், மாட்டினேன், கயிற்றை இழுத்தேன்.
நாற்பது வரை நான் எண்ணினேன்,
அதற்குமேல் என் தோள்பட்டை எண்ணியது.
ஒரு இருமல்கூட இல்லை, சனியன்.

பத்தாம் நாள் இரவு
(இரவென்று பேர்தான், பதினொரு மணிக்கும்
தண்ணீர்மேல் வெளிச்சம் மிச்சமிருக்கிறது)
முதுகுக்குப் பின்னால் ரப்பர் பூட்ஸ் சத்தம்.
பனிவண்டிப் பட்டறையில்
பதினான்கு வருடம் கை கறுத்தவள்.
நான் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

"தண்ணீர்ப் பம்பைப் பார்த்தாயா?"
"இல்லை."
"நினைத்தேன்."

மண்டியிட்டாள். நான்கு போல்ட் கழன்றது.
உள்ளே சுற்றவேண்டிய ரப்பர் சக்கரம்
அவள் உள்ளங்கையில்
உதிர்ந்த பற்களாய்க் கிடந்தது.
"இதோடு ஓடியிருந்தால்
இருபது குதிரையும் வெந்திருக்கும்" என்றாள்.
ஒன்பது நாளில் அதுதான் நீளமான வாக்கியம்.

புதுச் சக்கரம் யோயென்சுவிலிருந்து
பஸ்ஸில் வர நான்கு நாள்.
அதற்குள் அவள் ஒற்றைச் செம்புக் கம்பியால்
கார்புரேட்டரின் ஊசித் துளைகளைத்
தூர் எடுத்தாள், சீலை மாற்றினாள்,
எனக்குத் தெரியாத கெட்ட வார்த்தை ஒன்றை
எனக்குக் கற்றுக் கொடுத்தாள்.
கொசு விரட்டுவது என் இலாகா.

மழைத்தண்ணீர்ப் பீப்பாயில் மோட்டாரைத் தொங்கவிட்டு
மூன்றாவது இழுப்பு.
நீலப் புகை. ஒரு விக்கல். பிறகு
நிற்காத ஓட்டம்.
பின்பக்கத் துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரை,
ஆண் குழந்தை ஒன்றுக்குப் போவது மாதிரி,
கூச்சமில்லாமல்.
அண்டைவீட்டு வேய்யோ வேலியோரம் வந்தார்,
பைக்குள் கைகளோடு நின்றார்,
"ஓடுகிறது" என்றார், போனார்.
அவருக்கு அது ஒரு சொற்பொழிவு.

ஞாயிற்றுக்கிழமை இறக்கினோம்.
மிதவைச் சட்டை இரண்டு, துடுப்பு இரண்டு,
பிளாஸ்க், சாசேஜ், நங்கூரம்.
கடைசியில் அவள் சிவப்பு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.
"அது எதற்கு?"
"உன்னைத் தெரியும்."

நாணலைத் தாண்டி இருநூறு மீட்டர்.
மோட்டார் பாட்டுக்கு முனக,
அலை இரண்டாய்ப் பிரிந்து வழிவிட,
உலகத்திலேயே நல்ல மனிதன் நான் என்று
தோன்றிய அந்த நொடியில்
கணுக்கால் குளிர்ந்தது.
சட்டைப்பையில் ஏதோ கனத்தது.
கரையில் மழைநீர் வடியட்டும் என்று
நானே கழற்றிய பித்தளை அடைப்பு.

எதுவும் சொல்லவில்லை அவள்.
சுக்கானை ஒரு கையில் பிடித்து
மறு கையால் வாளியை நீட்டினாள்.
நான் குனிந்து, தண்ணீருக்குள் துழாவி,
மரத்துப்போன விரல்களால் துளையைத் தேடித் திருகி
அப்புறம் மொண்டு மொண்டு ஊற்றினேன்,
ஏரியை ஏரிக்கே.

நிமிர்ந்தபோது
மேற்கே, எங்கள் வீட்டுக்கு நேர் மேலே
மேகம் கறுத்துத் திரண்டிருந்தது.
வாளி இங்கே, என் கையில்.
அவளும் பார்த்தாள்.
படுக்கையை, மெத்தையை, அந்த மூலையை
நினைத்திருப்பாள்.

படகைத் திருப்புவாள் என்று காத்திருந்தேன்.
பிடியை முறுக்கி
இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினாள்.