தொண்ணூறு நாள்

ஜூன் மாதம். பத்து மணிக்கு விடிந்து
ஐந்து மணிக்கு இருட்டிவிடும் ஊர், உஷுவாயா.
ஞாயிறு. மூன்று இயந்திரங்களுக்கும் ஓய்வு.
துணி மடிக்கும் மேசைமேல்
ஒரு வருடத்து ரசீதுகளைக் கொட்டினேன்.

ஓரமாகக் கிடந்தது வங்கிப் படிவம்.
தலைப்பு: ஐந்தாண்டுத் திட்டம்.
முதல் கேள்வி: உங்கள் தொலைநோக்கு என்ன?
ஜன்னலில் ஆவி படிந்திருந்தது.
கையால் துடைத்தேன்.
கால்வாய் தெரிந்தது, அக்கரையில் பனிமலை.
அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை.

எவரிஸ்தோ குவியல் குவியலாகப் பிரித்தான்.
என் மைத்துனன், பாதிப் பங்குக்காரன்,
சோப்புத்தூளைக் கண்ணாலேயே அளப்பவன்.
மாலுமிகள்: உப்பேறிய சட்டை, கைமேல் காசு.
மலையேற்ற வழிகாட்டிகள்: சேறு, வெள்ளிக்கிழமைக் காசு.
முதுகுப்பைப் பிள்ளைகள்: ஒற்றைக் காலுறை, சில்லறை.
பிறகு ஹோட்டல்.
அந்தக் குவியல் சரிந்து தரையில் விழுந்தது.

பத்து விரிப்பில் ஆறு அவர்களுடையது.
அவர்கள் வேன் வாசலில் நின்றால்
தெருவே எங்களைத் தொழிலதிபர்களாகப் பார்த்தது.
கண்ணாடியில் நானும் அப்படித்தான் பார்த்தேன்.
வெளுத்ததெல்லாம் பால் என்று
யார் வேண்டுமானாலும் நம்பலாம்,
சலவைக் கடை வைத்திருப்பவள் நம்பலாமா?

"இதைப் பார் நேலிதா" என்றான்.
மார்ச்சில் துவைத்ததற்கு ஜூனில் வந்த பணம்.
மார்ச்சில் அது ஏழு மூட்டை சோப்புத்தூள்.
ஜூனில் ஐந்து.
எரிவாயுக் கட்டணத்தை அவன் வாயால் சொல்லவில்லை,
விரலால் காட்டினான்.

நாங்கள் துவைத்துக்கொண்டிருக்கவில்லை.
வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருந்தோம்.
நூற்றுப்பத்து அறை ஹோட்டலுக்கு
மூன்று இயந்திர வங்கி.
அந்த வங்கிதான் இப்போது
இன்னொரு வங்கியிடம் கையேந்தப்
படிவம் நிரப்புகிறது.

சிரித்தோம். சிரிப்பு நீளவில்லை.
ஹோட்டல் போனால் அய்லீனுக்கு அரை நாள் வேலைதான்.
அவள் பிள்ளைக்கு எட்டு மாதம்.
அந்தக் கணக்கு எந்தக் குவியலிலும் இல்லை.
எவரிஸ்தோ பேனாவை மூடினான், திறந்தான், மூடினான்.

இரவு எட்டு மணிக்குக் கடிதம் எழுதினேன்.
பதினைந்து நாளில் பணம்,
இல்லையென்றால் விரிப்புகள் வேறெங்காவது வெளுக்கட்டும்.
'மதிப்பிற்குரிய' என்பதை இரண்டு முறை எழுதி அடித்தேன்.
மூன்றாம் முறை அப்படியே விட்டேன்.

அந்தச் சூட்டோடு படிவத்தையும் எடுத்து
தொலைநோக்குக்கு நேரே
'பதினைந்து நாள்' என்று எழுதினேன்.
வங்கி என்ன நினைக்குமோ நினைக்கட்டும்.

ஹோட்டல் பதில் மூன்றாம் நாள் வந்தது. ஒரே வரி.
வேன் வரவில்லை.

திங்கட்கிழமை
மூன்றாம் இயந்திரத்தின் வாயைத் திறந்தேன்.
உள்ளே ஒரு பொத்தான், ஹோட்டல் சின்னம் பொறித்தது.
யாரிடம் திருப்பித் தருவது என்று தெரியாமல்
பையில் போட்டுக்கொண்டேன்.

அய்லீன் எதுவும் கேட்கவில்லை.
பிள்ளையை எவரிஸ்தோவிடம் கொடுத்துவிட்டு
அட்டையொன்றில் பெரிதாக எழுதினாள்:
இரவில் தாருங்கள், விடியுமுன் வாங்கிக்கொள்ளுங்கள்.
இங்கே விடிவது பத்து மணிக்கு என்பதால்
அது அவ்வளவு கஷ்டமில்லை.
துறைமுகத்துக்கு நடந்தாள்.

திரும்பியபோது தள்ளுவண்டி நிறைய
நண்டுப் படகுக்காரர்களின் மேலங்கிகள்.
கடை முழுக்கக் கவிச்சி.
இரண்டு முறை துவைத்தோம்.
வாடை முழுதாகப் போகவில்லை.
ஒரு முறைக்குத்தான் காசு கேட்டிருந்தாள்.

விலையை அடுத்த ஞாயிறு பார்க்கலாம்.
மூன்றாவது ஓடுகிறது.