ஆடித் தள்ளுபடி

ஆடியில் ஆடி வாங்காதே என்றாள் லச்சி.
முதலாவது, மாதம்.
இரண்டாவது, நான்கு வளையம் மாட்டிய வண்டி:
டி.டி., இரண்டாயிரத்துப் பத்து, வெள்ளி நிறம்,
பின்சீட்டில் ஒரு பூனை உட்காரலாம்,
அதுவும் வாலைச் சுருட்டிக்கொண்டால்.

பதின்மூன்று கேட்கிறான் டெரன்ஸ்.
கல்யாணமே நின்றுபோகிற மாதத்தில்
கார் மட்டும் யார் வாங்குவார்,
இறங்கி வருவான் பார் என்றேன்.

என் கையில் பதினொன்று.
போன வருஷம் கேரட் எண்பதைத் தொட்ட ஆறு வாரம்
கேத்திப் பாலாடாவில் என் கழுவும் மிஷின்
இரவு ஒரு மணிக்குத் தொடங்கி விடியவிடிய உருண்டது.
அதில் ஒன்பது. மீதி இரண்டு, சீட்டு எடுத்தது.
இரண்டு சீட் வண்டிக்குச் சீட்டுப்பணம்,
பொருத்தம் சரிதான்.

நாற்பத்து மூன்று வயதில் முதல் கார்.
முதல் கார் என்றால் ஆல்ட்டோ என்று ஒரு சட்டம் உண்டு.
யாரும் எழுதவில்லை,
பாலாடா முழுக்க மனப்பாடம்.

லவ்டேல் சரிவில் தகர ஷெட்.
தார்ப்பாயை உருவினான்.
மூடுபனி உள்ளே வந்து எங்களுக்கு முன்னால்
அதைச் சுற்றிப் பார்த்தது.
ஆடி என்றால் கண்ணாடியும்தானே,
பானட்டில் என் முகம்:
கம்பளிக் குல்லா, தூங்காத கண்,
கீழே வளைந்து நீண்டு ரப்பர் பூட்ஸ்.
அழகாகத்தான் இருந்தேன்.

சம்சு அடியில் படுத்தான்.
டைமிங் பெல்ட் மாத்தணும்க்கா.
கியர்பாக்ஸ் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல யோசிக்குது.
உங்க ஊர் முக்கு வேகத்தடை
இதோட வயித்தக் கிழிச்சிடும்.
நான் கேட்டுக்கொண்டே
ஸ்டியரிங்கின் தோலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

உள்ளே மூன்று வாசனை பாட்டில்கள் தொங்கின.
ஒன்று போதாதா?

டிக்கியின் கம்பளத்தைத் தூக்கினேன்.
ஸ்டெப்னிக் குழியில், கைக்கெட்டாத மூலையில், மண்.

எனக்கு எஞ்சின் தெரியாது.
மண் தெரியும்.
கேத்தி மண் சிவப்பு, நகத்துக்குள் போனால் ஒரு நாள் தங்கும்.
முத்தோரை மண் கருப்பு, ஈரத்தில் எண்ணெய் மாதிரி வழுக்கும்.
மூட்டைக்கு இத்தனை என்று காசு வாங்கி
இருபது வருஷமாய் நான் கழுவுவது இதைத்தான்.
இது சாம்பல்.
மாவாய்ச் சலித்தது போல நைசு.
அதில் அரிசி அளவு ஒரு நத்தை ஓடு.

ஏழாயிரம் அடிக்கு மேலே
எந்த ஆறு ஏறி வந்தது, டெரன்ஸ்?

அவன் ஷெட்டின் கூரையைப் பார்த்தான்.
மெட்ராஸ் வண்டி மேடம்.
ஒரே ஒரு மழை.
பிறகு, நான் எதுவும் கேட்காமலே,
எட்டுக்குத் தரேன்.
சம்சு தொண்டையைக் கனைத்தான்.
சரி, ஏழு.

பதினொன்றில் ஏழு போனால் நாலு.
நாலு லட்சத்துக்கு
எவ்வளவு மண்ணைக் கழுவலாம் என்று
ஒரு நிமிஷம் கணக்குப் போட்டேன், மறைக்கவில்லை.
வயருக்குள்ள போன தண்ணிய
யாராலயும் கழுவ முடியாதுக்கா என்றான் சம்சு.

சாவியைக் கொடு, ஒரு தடவை.

மூன்றாவது வளைவுவரை அது என்னை
வேறு யாரோ என்று நம்பியது.
தைல மரங்கள் பின்னால் ஓடின.
காது பின்னுக்குப் போவது போல ஒரு சத்தம்,
அதற்குச் சொல் என்னிடம் இல்லை.
நான்காவதில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது.
பிறகு இன்னொன்று.
பிறகு ஷெட் வாசல் ஏற்றத்தில்
எல்லாம் அணைந்து, மழைச் சத்தம் மட்டும்.

மூன்று பேரும் தள்ளினோம்.
டெரன்ஸின் நல்ல ஷூ சேற்றில் புதைந்தது.
ஆடித் தள்ளுபடி என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
நான் சிரித்தேன்.

இரவு ஒரு மணி. மிஷின் உருள்கிறது.
சிவப்புத் தண்ணீர் ஓடைக்கு இறங்குகிறது,
கேரட்டுகள் வெளிச்சத்துக்குக் கீழே வந்து குவிகின்றன.
இடது கட்டைவிரல் நகத்தில் மட்டும்
அந்தச் சாம்பல் கோடு, போகவில்லை.
போனில் டெரன்ஸ்:
ஆறரை மேடம், ஆடி முடியறதுக்குள்ள.

ஈரக் கையால் அதை அழிக்க முடியாது,
துடைத்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும்.
இன்னும் நாற்பது மூட்டை இருக்கிறது.