கிராண்ட்

ஏலத்தில் யாரும் கை தூக்கவில்லை.
தேவசகாயம் தூக்கினார்.
கொசுவை விரட்டத்தான் என்று இன்றுவரை சாதிக்கிறார்.
பதினோராயிரம் வெள்ளி.
ரெங்கம் ரயில் கேட்டைத் தாண்டி
இழுவை வண்டியின் பின்னால்
பட்டாளத்து லோரி தலையாட்டிக்கொண்டு வந்தபோது
கோப்பிக் கடையே எழுந்து நின்றது.

பின்பக்கம் இரண்டு நீளப் பலகை, உட்கார்ந்து வழுவழுத்தவை.
ஒன்றில் ஆணியால் கீறியிருந்தது:
ஜுல், இன்னும் 41 நாள்.
எதற்கு நாற்பத்தொன்று, ஜுல்லுக்குத்தான் வெளிச்சம்.
எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தோம்.
அதை மட்டும் கட்டிலின் தலைமாட்டில் பொருத்தச் சொன்னேன்.

நிர்வாகத்தின் கடிதம் அதற்கு முந்தின வாரம் வந்தது.
தோட்டம் கைமாறிவிட்டது,
மார்ச் முடிவுக்குள் வீட்டைக் காலி செய்யவும்.
டிராக்டர் பட்டறையில் அவருக்கு இருபத்தெட்டு வருஷம்.
வேலை போனால் கூரையும் போகும் என்பது
முதல் நாளே கையெழுத்துப் போட்டதுதான்.
புகார் சொல்ல வரவில்லை.
ஆனால் ஜேபிஜே கவுண்டரில் ஒரு தாளை நீட்டினார்களே,
நிலத்துக்கும் வண்டிக்கும் இங்கே அதற்கு ஒரே பேர்,
கிராண்ட்.
உரிமையாளர் என்ற இடத்தில் குணவதி.
வீடு வரும்வரை அதை வைத்து
விசிறிக்கொண்டே வந்தேன்.

சேசிஸ் முறுகும்.
பள்ளத்தில் ஒரு சக்கரம், மேட்டில் ஒரு சக்கரம் என்று
உடம்பை வளைத்துத் தப்பிக்கப் பழகிய வண்டி.
அதன் மேல் வீட்டை இறுக்கிப் பூட்டினால்
முதல் செம்மண் பாதையிலேயே சுவர் பிளக்கும்.
மூன்றே இடத்தில் பிடிக்கணும்,
பின்னால் இரண்டு,
முன்னால் ஒன்று, அது அச்சில் ஆடட்டும்.
எனக்குப் புரியவைக்க ஒரு தீப்பெட்டியும்
என் சப்பாத்திக் கட்டையும் எடுத்துப் போனார்.
புரிந்தது.
கட்டையை அன்றிலிருந்து காணோம்.

மின்சாரம் என் பொறுப்பு.
குளுவாங் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம்
அரிசி அளவுச் சாமான்களுக்கு ஈயம் வைத்தவள் நான்.
கூரையில் நான்கு சூரியத் தகடு,
ஆசனத்துக்கு அடியில் இரண்டு பேட்டரி,
சிவப்பு வயரில் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ்.
இவ்வளவு பெரிய ஃபியூஸ் எதுக்கு என்றார்.
நீங்க தூக்கத்துல எரியாம இருக்க என்றேன்.
மூன்று மணி மழைக்குள் பேட்டரி நிரம்பியாக வேண்டும்.
நிழலில் நிறுத்தக் கூடாது என்று சட்டம் போட்டேன்.
இந்தச் செம்பனைக் காட்டில் அது
கடலில் இறங்கி நனையாதே என்பது மாதிரி.

பட்டாளப் பச்சை கூடாது, மாற்று என்றார் அதிகாரி.
மாரியம்மன் கோபுரத்துக்கு வாங்கி மிஞ்சிய மயில்நீலம்
ஏழு டின் இருந்தது, தலைவர் பாதி விலைக்குத் தந்தார்.
தேவசகாயம் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்.
ஒன்றும் பேசாமல்
இரண்டு கோட்டு அடித்தார்.

மார்ச் முப்பது, ராத்திரி.
தோட்டத்து வாசலில் அந்த இரும்பு வளைவு.
இருபத்தெட்டு வருஷம் அதன் அடியில் போய்வந்தும்
யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.
லோரி நான்கு விரல் உயரம் அதிகம்.
அந்த நான்கு விரலும் என் தகடுகள்.
அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, நல்ல மனுஷன்.

ஆறு டயரிலும் காற்றைப் பிடுங்கினோம்.
உஸ்ஸென்று மூச்சை விட்டு
மயில்நீலம் தரையில் குந்தியது.
நேபாளக் காவலாளி டார்ச்சை மேலே காட்டி
போலே, போலே என்று பின்னால் நடந்தான்.
எங்கோ கீச்சென்று ஓர் உரசல்.
பிறகு இல்லை.

வெளியே சாலையோரம் கம்ப்ரெசர் தடதடக்க
டயர் டயராகக் காற்று,
கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்.
தண்ணீர்த் தொட்டி எங்கோ சொட்டுகிறது,
நாளைக்குப் பார்க்கணும்.
லாயாங் லாயாங்கா, குளுவாங்கா, இன்னும் பேசவில்லை.
அதற்குள் பின்னால் ஒரு செம்பனை லோரி வந்து நின்று
ஹார்னில் சாய்ந்தான் டிரைவர்:
எடுங்கண்ணே, எடுங்க!

அவர் கியரைப் போட்டார்.
உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டு
சுவரில் முட்டியது.

என் சப்பாத்திக் கட்டை.