இன்னும் கால் சுற்று

ஆம்ப்ரோஸ் ஹல்ஸ் பேசியதை
ஒன்பது வருடம் எழுதினேன்.
அவையின் மேல்மாடத்தில் என் நாற்காலி.
பத்து நிமிடம் சுருக்கெழுத்து, பிறகு அடுத்த ஆள்.
கீழே போய் விரித்தெழுத வேண்டும்.
விரிக்கும்போது
திருத்தவும் செய்தேன்.

தொள்ளாயிரத்துப் பத்து ஜனவரியில் வந்தார்,
டர்ன்விச்சிலிருந்து.
உவர்நீர் காய்ச்சும் கொட்டகையில் இருபத்திரண்டு வருடம்;
விரல் கணுக்களில் வெடிப்பு ஆறவே இல்லை.
அன்று அது சம்பளமில்லாத பதவி.
சங்கம் வாரம் முப்பது ஷில்லிங் அனுப்பியது,
சில வாரம் இருபத்தெட்டு.
அங்கி மாட்டும் ஒவ்வொரு கொக்கியிலும்
வாளைத் தொங்கவிட ஒரு நாடா உண்டு அங்கே,
வாளோடு வந்த காலத்து மிச்சம்.
ஹல்ஸ் அதில்
ரொட்டிப் பொட்டலத்தை மாட்டினார்.

முதல் பேச்சு, இரவு பதினொன்றுக்கு.
இருக்கைகளில் முப்பது பேர், பாதிப் பேர் தூக்கம்.
"எங்க ஊரு உக்காந்துகிட்டே போகுது, ஐயா.
அடியிலேருந்து உப்பை உறிஞ்சுறாங்க,
மேல நாங்க குடியிருக்கோம்.
போன செவ்வாக்கெழம
ரொட்டிக்கடைக்காரன் குதிரை
லாயத்தோட உள்ள போயிருச்சு."
நான் எழுதியது:
'நில அமிழ்வின்பால் மாண்புமிகு உறுப்பினர்
அவையின் கவனத்தை ஈர்த்தார்.'
குதிரையை விட்டுவிட்டேன்.

இன்னொரு நாள் சட்டைப்பையிலிருந்து
ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைத்தார்.
வைத்த இடத்திலேயே நின்றது.
"எங்க அடுக்களையில வெச்சா
கணப்புக்கு ஓடிரும்.
டோர்க்கஸ் தட்டுக்கு அடியில ஆப்பு வெச்சுத்தான்
சூப்பே ஊத்துவா."
நான் குறித்தது ஒரே சொல்:
சிரிப்பு.

நஷ்டஈட்டு மசோதா மூன்று முறை வந்தது,
மூன்றும் வெள்ளிக்கிழமை.
சோப்பு ஆலை முதலாளி ஒருவர் எழுந்து
முதல் பிரிவின் ஒரு காற்புள்ளியைப் பற்றி
ஐந்து மணி அடிக்கும்வரை பேசினார்.
அழகான வாக்கியங்கள், எழுத்து மாறாமல் எழுதினேன்.
உப்புக்குப் பெறாத பேச்சு என்பீர்கள்.
அவருக்கு
டன்னுக்கு நான்கு ஷில்லிங் பெற்றது.

போர் வந்தபோது
உப்புப் பீப்பாய் மேல் ஏறி நின்று
பையன்களைக் கூப்பிட்டவர் ஹல்ஸ்தான்.
மறைக்க ஒன்றுமில்லை.
நூற்றுப் பத்துப் பேர் போனார்கள்,
அவருடைய சைலஸும்.
பதினாறில் கட்டாயச் சேர்ப்பு மசோதா.
"கூப்பிட்டேன், வந்தாங்க.
இழுத்துட்டு வரச் சொல்லாதீங்க"
என்று உட்கார்ந்துவிட்டார்.
அதை மட்டும் தொடாமல் அனுப்பினேன்.
அச்சகத்தில் யாரோ திருத்திவிட்டார்கள்.

ஜூலையில் சைலஸ் பற்றித் தந்தி வந்தது.
மறுநாளும் அவைக்கு வந்து
சாக்கடைக் குழாய் பற்றி ஒரு கேள்வி கேட்டார்.
பதில் எழுத்து மூலம் தரப்படும் என்றார்கள்.

பதினெட்டில் ஊரே அவரைத் தோற்கடித்தது.
கட்டிய பணமும் போயிற்று.
ஜெயித்தவர்
சோப்பு முதலாளியின் மருமகன்.

ஐந்து வருடம் கழித்து, விடுமுறையில்
டர்ன்விச் போனேன். ஏனென்று சொல்லத் தெரியாது.
கால்வாய்த் தெருவில் ஒரு மரச்சட்ட வீட்டை
ஆட்கள் தூக்கிக்கொண்டிருந்தார்கள்,
திரைச்சீலையும் பூனையுமாக, முழு வீட்டை.
எட்டு ஜாக்கி, எட்டுப் பேர்.
விசில் அடித்தால் ஆளுக்குக் கால் சுற்று;
ஒருவன் அவசரப்பட்டாலும் சுவர் விரியும்.
மூன்றாவது ஜாக்கியில் ஹல்ஸ்.
அவருக்கு என்னைத் தெரியவில்லை.
மாடத்தை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

குதிரையைப் பற்றிச் சொல்லிவிட நினைத்தேன்.
அதற்குள் அவர் வீட்டுக்குள் போய்
மண்டியிட்டுக்
கோலியைத் தரையில் வைத்துவிட்டார்.
அது கொஞ்சம் யோசித்தது,
பிறகு வாசல் பக்கம் உருண்டது.
"இன்னும் கால் சுற்று!" உள்ளிருந்தே கத்தினார்.

விசில்காரர் விசிலை உதட்டில் வைத்தார்.
மூன்றாவது ஜாக்கியில் ஆள் இல்லை.
மேலங்கியைக் கழற்றி
வேலியில் போட்டேன்.